பிள்ளைப்பேறும் தலையெழுத்தும்

(தாய்மார்கள் பெருவாரியாக வந்திருந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கர்ப்பிணிப் பெண்களின் தேக நலத்தைப் பற்றியதாகும். நோட்டீசில் இந்தத் தலைப்பைப் பார்த்ததும், "இது ஆண்பிள்ளை மேடையேறிப் பேசுகிற சங்கதியா? ஒரு டாக்டரம்மாளைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்று சிலர் முணுமுணுத்ததாகக் கேள்விப்பட்டோம். அவர்கள் கேட்டது நியாயந்தான். நாம் வைத்தியம் படித்தவரல்லோம். பள்ளிக்கூடத்தில் எட்டாவது வகுப்புக்கு மேல் போனவருமல்லோம். நாம் படித்ததெல்லாம் ஊர் நூல்நிலையத்தில். கேட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாமார்களிடத்தில். ஆகவே மருந்து சொல்ல நாம் இங்கு வரவில்லை. மருந்து வீட்டு வாசல் வரைக்கும் வந்த பிறகும், அதை உள்ளே விடாமல் ஒன்று வழிமறித்து நிற்கின்றதே, அதைப்பற்றிப் பேசவே வந்திருக்கிறோம். அதைத் துரத்துவது டாக்டர் வேலையல்ல. நம்முடைய வேலை.

நமது வீட்டில் நடந்தது

முதலில் நமது வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். அது 1991-ஆம் வருஷம். அப்பொழுது நமக்கு வயது பன்னிரண்டு. நமது அக்காளுக்குப் பதினேழு. பதினாறிலேயே கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவேண்டும் என்று 1978-லேயே சட்டம் சொல்லியாகிவிட்டது. ஆனால் ஜாதகம் பார்க்கத் தெரிந்த நம்மூர்ப் பெரியவர்களில் சட்டம் பார்க்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

தலைப்பிரசவத்திற்காக அக்காள் தாய்வீடு வந்தாள். வரும்போதே கால் வீங்கியிருந்தது. பிறகு கையும் முகமும் வீங்கின. வளையலைக் கழற்ற முடியவில்லை. தலை பிளக்கிறது என்றாள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது, எல்லாம் மங்கலாய்த் தெரிகிறது என்றாள். "பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் உள்ளதுதான்" என்று வீட்டிலுள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள். ஓர் இரவு கைகால் இழுத்துப் பல் கிட்டிவிட்டது. காத்துக் கருப்பு பிடித்துக்கொண்டது என்றார்கள். பூசாரி வந்தார். வேப்பிலை அடித்தார், விபூதி போட்டார், எலுமிச்சம்பழம் அறுத்தார். விடிய விடிய இதே வேலை. விடிந்த பிறகு வண்டி பிடித்து டவுனுக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. வயிற்றிலிருந்த பிள்ளையும் அவளோடு போயிற்று.

சாவு கேட்க வந்தவர் அத்தனை பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "அவள் தலையெழுத்து." நமது தாயாரும் அதையே சொல்லி அழுதார். நாமும் அதையே நம்பினோம்.

இருபது வருஷங் கழித்து, நூல்நிலையத்தில் ஒரு வைத்தியப் புத்தகத்தைப் புரட்டியபோது நமது அக்காளின் கதை வரிக்கு வரி அதில் இருக்கக் கண்டோம். முகவீக்கம், தலைவலி, கண் மங்கல், பிறகு வலிப்பு. அது கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறுவதோடு சேர்ந்து வருகிற ஒரு நோய். முதல் பிள்ளைக்காரிக்கு அதிகம் வருவது. மாதாமாதம் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தத்தைப் பார்த்து, சிறுநீரையும் சோதித்திருந்தால் வலிப்பு வருவதற்கு முன்னமேயே தெரிந்திருக்கக் கூடும். வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் என்று ஓர் உப்பு இருக்கிறது. விலையும் அற்பம். பல நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து நடத்தி 2002-இல் முடிவு வெளியான ஒரு சோதனையில், அந்த மருந்து வலிப்பு வருவதைப் பாதிக்கு மேல் குறைத்துவிடக் கண்டார்கள். அந்தப் புத்தகத்தில் வேப்பிலையைப்பற்றி ஒரு வரியும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து தாயாரிடம் இதைச் சொன்னோம். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ அவளை நாமதானேப்பா சாகவுட்டோம்" என்றார்.

தலையெழுத்து என்ற சொல் ஆறுதல் தருகிறது என்பார்கள். வாஸ்தவந்தான். ஆனால் நாம் அந்த ஆறுதலோடு உட்கார்ந்துவிட்டால், அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கால் வீங்கும்போதும் அதே வார்த்தையைத்தான் சொல்லுவோம். அதனால்தான் அந்தச் சொல்லைச் சும்மா விடக்கூடாது என்கிறோம்.

தலையெழுத்தைச் சோதித்துப் பார்ப்போம்

தோழர்களே! பிரசவத்தில் சாவது தலையெழுத்து என்றால், அந்த எழுத்து எல்லா இடத்திலும் எல்லா ஜனங்களுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டுமல்லவா? சர்க்கார் எடுத்த கணக்கைப் பாருங்கள். 2018 முதல் 2020 வரையுள்ள கணக்குப்படி, இந்தியாவில் ஓர் இலட்சம் பிள்ளைகள் உயிரோடு பிறந்தால் 97 தாய்மார்கள் செத்தார்கள். கேரளத்தில் 19 பேர். தமிழ்நாட்டில் 54 பேர். அஸ்ஸாமில் 195 பேர். வருஷத்திற்கு இரண்டு கோடிக்கு மேல் பிள்ளை பிறக்கிற தேசத்தில், 97 என்பது ஏறக்குறைய இருபதாயிரம் தாய்மார்களின் பிணம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பிரம்மா கொல்லத்துக்காரிக்கு ஒரு எழுத்தும் கௌஹாத்திக்காரிக்கு வேறொரு எழுத்தும் எழுதுவானேன்? அதுதான் போகட்டும். 2001 முதல் 2003 வரையுள்ள கணக்கில் இந்தியா முழுவதற்கும் இதே எண் 301 ஆக இருந்தது. பதினேழு வருஷத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. தேசத்தில் பக்தி மூன்று மடங்கு ஏறியதாலா இது நடந்தது? ரோடு வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, பிரசவத்திற்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் பழக்கம் வந்தது, பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள். மனிதன் கைவைத்தால் மாறுகிற ஒன்றை எழுத்து என்று எப்படிச் சொல்லுவது?

இது நம் தேசத்து வறுமையால் வந்த வித்தியாசம் மாத்திரமல்ல. உலகத்தில் வைத்தியத்துக்கு மிக அதிகமாகப் பணம் செலவழிக்கிற அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே 2021-ஆம் வருஷத்தில் ஓர் இலட்சம் பிறப்புக்கு வெள்ளைக்காரத் தாய்மார் 26.6 பேரும், கறுப்புத் தாய்மார் 69.9 பேரும் மாண்டார்கள். படிப்பில்லாததால் என்று சொல்லவும் வழியில்லை. 2007 முதல் 2016 வரை அங்கு எடுத்த கணக்கில், காலேஜ் பட்டம் பெற்ற கறுப்புப் பெண்கள், அதே பட்டம் பெற்ற வெள்ளைப் பெண்களைப்போல ஐந்து மடங்கு மாண்டிருக்கிறார்கள். படிப்பு ஒன்று, தேசம் ஒன்று. ஆனால் "எனக்கு வலிக்கிறது" என்று இருவரும் சொன்னால், ஒருத்தி சொல்லுவதற்குக் காது கொடுப்பதும் மற்றவள் சொல்லுவதைத் தள்ளிவிடுவதும் அங்கே நடக்கிறதென்று அந்நாட்டு வைத்தியர்களே எழுதுகிறார்கள். அங்கே நிறம் செய்கிற வேலையை இங்கே ஜாதியும் ஏழ்மையும் செய்கின்றன. பெயர்தான் வேறு.

இரத்தத்தில் ஜாதி தேடாத ஒரு மாது

நிற்க. இந்த வித்தியாசத்திற்கு உண்மையான காரணத்தை நம் தேசத்திலேயே வந்து தேடிய ஒரு மாதைப்பற்றிச் சொல்லுகிறோம். அவர் பெயர் லூசி வில்ஸ். இங்கிலாந்து தேசத்து டாக்டர். 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அப்பொழுது அங்கே பஞ்சாலையில் வேலைசெய்யும் ஏழைப் பெண்கள் கர்ப்பமானதும் வெளுத்து, மூச்சு வாங்கி, பிரசவத்தின்போது பலர் செத்துப்போவது வழக்கமாயிருந்தது. அந்த அம்மையார் ஜாதகம் கேட்கவில்லை. "நீ என்ன சாப்பிடுகிறாய்?" என்று கேட்டார். வெவ்வேறு மதத்தாரும் வெவ்வேறு வருமானமுள்ளவர்களுமான பெண்களின் சாப்பாட்டை விசாரித்துக் குறித்தார். நோய் மதத்தைப் பார்த்து வரவில்லை, தட்டைப் பார்த்து வருகிறது என்று அவருக்குப் புலப்பட்டது. எலிகளுக்கும் குரங்குகளுக்கும் சத்துக்குறைந்த தீனி கொடுத்துப் பார்த்தார். கடைசியில், ஈஸ்ட்டிலிருந்து செய்து சீமையில் ரொட்டியில் தடவித் தின்கிற மார்மைட் என்ற மலிவான சரக்கைக் கொடுத்ததும், வெளுத்துக் கிடந்த பெண்களுக்கு இரத்தம் ஊறிற்று. 1931-இல் இதை வைத்தியப் பத்திரிகையில் எழுதி உலகத்திற்குச் சொன்னார்.

அந்த ஈஸ்ட்டில் இருந்த சத்து இன்னதென்று அவருக்கு அப்போது தெரியாது. 1941-இல் அமெரிக்காவில் நான்கு டன் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பேரிட்டார்கள். வில்ஸ் அம்மையார் பம்பாயில் தேடிய சத்து அதுதான் என்பது பிறகு தெரிந்தது. இன்றைக்கு நர்சம்மாள் உங்கள் கையில் கொடுக்கிற சத்து மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது இதுவே.

இந்த அம்மையார் குன்னூரிலும் ஆராய்ச்சி செய்தார். 1931-ஆம் வருஷத் தொடக்கத்தில் நமது சென்னையில், திருவல்லிக்கேணியிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் வேலைபார்த்தார். அந்த ஆஸ்பத்திரியின் அன்றையப் பெயரைக் கேளுங்கள்: ஜாதி, கோஷா ஸ்திரீகள் ஆஸ்பத்திரி! ஆண் டாக்டர் தொட்டால் தீட்டு என்றும் கண்ணால் பார்த்தால் மானக்கேடு என்றும் மேல் ஜாதிப் பெண்களையும் கோஷாப் பெண்களையும் வைத்தியமின்றிச் சாகவிட்டதால், அவர்களுக்கென்றே 1885-இல் அதை ஏற்படுத்த வேண்டியிருந்தது. இன்று அது கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. வாசலில் ஜாதிப் பெயரை எழுதி வைத்தார்கள். உள்ளே சோதித்த இரத்தத்தில் எங்கேயாவது ஜாதி தென்பட்டதா? ஏழைப் பெண் இல்லாமையால் வெளுத்தாள். மேல் ஜாதிப் பெண் இருந்தும் சாப்பிட விடாத கட்டுப்பாட்டால் வெளுத்தாள்.

தெரிவதற்கு முன்னே

தாய்மார்களே! இனிச் சொல்லப்போவதுதான் இன்றைய பேச்சில் முக்கியமான விஷயம். கர்ப்பம் என்று தெரிந்த பிறகு கவனித்துக்கொண்டால் போதும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது தப்பு. கரு உண்டான 28 நாளைக்குள் குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் மூலமான குழாய் மூடியாக வேண்டும். மூடாவிட்டால் முதுகு பிளந்த பிள்ளையும் மூளையில்லாத பிள்ளையும் பிறக்கின்றன. அந்த 28 நாள் முடியும்போது தாய்க்கு என்ன தெரியும்? "தூரம் தள்ளிப்போயிருக்கிறதே" என்று சந்தேகப்படவே அப்பொழுதுதான் ஆரம்பிப்பாள். அவள் தெரிந்துகொள்ளுவதற்குள் வேலை முடிந்துபோகிறது.

ஃபோலிக் அமிலம் இந்தக் கேட்டைத் தடுக்கிறதா என்று ஏழு தேசங்களில் சோதித்தார்கள். முன்பு அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற தாய்மார்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே கொடுத்துப் பார்த்ததில், மறுபடியும் அவ்விதம் நேர்வது நூற்றுக்கு 72 பங்கு குறைந்ததென்று 1991-இல் வெளியிட்டார்கள். ஆதலால் பிள்ளை வேண்டுமென்று நினைக்கும்போதே தினம் 400 மைக்ரோகிராம் சாப்பிட ஆரம்பித்துப் பன்னிரண்டு வாரம் வரை சாப்பிட வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது.

முதுகு பிளந்த பிள்ளை பிறந்தால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? போன ஜன்மத்துப் பாவம், நாக தோஷம், கிரகணத்தில் வெளியே வந்தாள் என்கிறார்கள். பெற்றவளைப் பாவி என்கிறார்கள். எல்லாக் குறைக்கும் இந்தச் சத்துக் குறைவே காரணம் என்று நாம் சொல்லவில்லை. பிறவிக் குறைகளுக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் போன ஜன்மம் என்பது அவற்றில் ஒன்றாக எந்தச் சோதனையிலும் தென்படவில்லை.

ஒரே வீடு, ஒரே உலை

கருவுறும் முன்னமேயே பெண்ணுக்குச் சத்து வேண்டும் என்றால், நம் வீடுகளில் அது இருக்கிறதா? 2019 முதல் 2021 வரை எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கில், இந்தியாவில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 25 பேருக்கு. பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தம் இல்லையென்றால், இது ஏழைக் குடிசையின் சங்கதி மாத்திரம் அல்ல. மாடி வீட்டிலும் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

"பெண்ணுக்கு மாதாமாதம் இரத்தம் போகிறது, இயற்கை அப்படி" என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். வாஸ்தவம். அதனால்தான் ஆணுக்குத் தினம் 19 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டுமென்றால் பெண்ணுக்கு 29 வேண்டுமென்று நமது தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் 2020-இல் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். இயற்கை அவளுக்கு அதிகம் கேட்கிறது. நாம் என்ன கொடுக்கிறோம்? முதலில் மாமனார், பிறகு புருஷன், பிறகு ஆண்பிள்ளைகள், பிறகு பெண்பிள்ளை, கடைசியில் அடுப்படியில் உட்கார்ந்து சட்டியை வழித்துத் தின்பவள் மருமகள். கறி வாங்கினால் ஈரல் யாருக்கு? முட்டை ஒன்றிருந்தால் யாருக்கு? அதிகம் வேண்டியவளுக்குக் கடைசியாகவும் குறைச்சலாகவும் போடுகிற இந்தப் பந்தி முறையை எந்தச் சாஸ்திரம் எழுதியிருந்தால் என்ன? அது கொலைச் சாஸ்திரம்.

தமிழ்நாட்டைப்பற்றிப் பெருமை பேசுகிறவர்களும் கேட்கட்டும். பெருமைக்கு இடம் இருக்கிறது. அதே கணக்கின்படி இங்கே நூறு பிரசவத்தில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில் நடந்தன. ஆனால் அதே தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு இரத்தசோகை இருந்தது. பிரசவ நாளுக்கு ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்துவிட்டோம். அதற்கு முன்னுள்ள இருபது வருஷத்துக்கு அடுப்பங்கரைக் கதவு இன்னும் திறக்கவில்லை.

வயதும் இப்படித்தான். இந்தியாவில் இருபது முதல் இருபத்துநான்கு வயதுப் பெண்களில் நூற்றுக்கு 23 பேர் பதினெட்டு முடிவதற்குள் கல்யாணம் ஆனவர்கள் என்று அந்தக் கணக்கு சொல்லிற்று. பதினைந்து முதல் பத்தொன்பது வயதுக்குள் கர்ப்பமாகிவிட்ட பெண்கள், பள்ளிக்கூடமே போகாதவர்களில் நூற்றுக்கு 18 பேர். பன்னிரண்டாவது வரையும் அதற்கு மேலும் படித்தவர்களில் 4 பேர். பெண்ணுக்குக் கொடுக்கிற பள்ளிக்கூடப் பையும் ஒரு மருந்துதான் என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா?

சடங்கும் சத்தும்

அந்தக் கணக்குப்படி, கர்ப்பத்தில் 180 நாள் சத்து மாத்திரை சாப்பிட்ட தாய்மார்கள் இந்தியாவில் நூற்றுக்கு 26 பேர்தான். ஏன்? சில ஊரில் மாத்திரையே ஒழுங்காய் வந்து சேருவதில்லை. அதற்குச் சர்க்காரைக் கேட்க வேண்டும். சண்டையும் போட வேண்டும். சிலருக்குக் குமட்டல் வருகிறது. அதற்கு நர்சம்மாளைக் கேட்டால் வழி சொல்லுவார். ஆனால் பல வீட்டில் சொல்லப்படுகிற காரணம் என்ன? "மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாய்ப் பிறக்கும்" என்பது. மாத்திரையால் கறுப்பது மலந்தான், பிள்ளை அல்ல. கறுத்தால்தான் என்ன? கறுத்த தாய் தகப்பன் தம் பிள்ளை கறுக்குமென்று பயந்து, தாயின் இரத்தத்தையே வற்றவிடுவதைவிட மானங்கெட்ட காரியம் வேறென்ன இருக்கிறது? மாத்திரையை விட்டெறிந்து குங்குமப்பூ வாங்கக் கடன்படுகிறார்கள்! காப்பி, டீயோடு சாப்பிட்டால் இரும்புச்சத்து உடம்பில் சேராது. நெல்லிக்காயோ எலுமிச்சஞ்சாறோ சேர்ந்தால் நன்றாய்ச் சேரும். பூசாரி அறுத்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடித்திருந்தால்கூட ஏதோ புண்ணியம் உண்டு.

"அதிகம் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும், வயிற்றைக் கட்டு" என்பது இன்னொரு உபதேசம். வயிற்றைக் கட்டினால் எடைகுறைந்த பிள்ளையும் சோர்ந்த தாயுமே மிச்சம். கர்ப்பிணி சாம்பலும் மண்ணும் பச்சரிசியும் தின்றால் அதை மசக்கை என்று சிரித்துவிட்டுப் போகிறோம். அது பல சமயம் உடம்பில் இரும்பு இல்லை என்பதற்கு அடையாளம். சிரிக்காமல் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

கிரகணத்தில் வெளியே வந்தால் உதடு பிளக்கும் என்கிறார்கள். கருவின் உதடு ஏழு வாரத்துக்குள் கூடி முடிந்துவிடுகிறது. எட்டாம் மாதத்துக்காரியைக் கிரகணத்தன்று இருட்டறையில் பட்டினி போட்டு எந்த உதட்டைக் காப்பாற்றுகிறார்கள்?

ஏழாம் மாதம் வளைகாப்பு என்று ஐந்துவகைச் சாதம் போடுகிறோம். பெண்ணுக்கு ஒரு நாள் மரியாதை செய்வதை நாம் வேண்டாமென்று சொல்லவரவில்லை. ஒரு கேள்வி மாத்திரம் கேட்கிறோம். அந்த ஒரு நாள் போடுகிற சோற்றில், கீரையும் பருப்பும் முட்டையுமாக ஒரு பங்கை அவள் பத்து வயதுப் பெண்ணாயிருந்த நாள் முதல் தினந்தோறும் போட்டிருந்தால், இந்த வளையலுக்குள் கை இவ்வளவு மெலிந்திருக்குமா? விதவைத் தாய் வளையல் பூட்டக்கூடாதென்று அவளை மூலையில் நிறுத்துகிறார்களே, பெற்ற மகளின் உடம்பைப்பற்றி அவளைவிடக் கவலை யாருக்கு இருக்கப்போகிறது?

ஆண்பிள்ளைகளுக்கு

ஆண் தோழர்களே! இதுவரை தாய்மார்களைப் பார்த்துப் பேசினோம். இனி உங்களைப் பார்த்துப் பேசுகிறோம். கர்ப்பிணி பீடி குடிக்கக்கூடாதென்று உங்களுக்குத் தெரியும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் விடுகிற புகை யார் மூக்கில் போகிறது? அந்தப் புகை வயிற்றுப் பிள்ளையின் எடையைக் குறைக்கிறது. நீங்கள் கொண்டுவந்து ஒட்டவைக்கிற மேகநோய் வயிற்றுப் பிள்ளையைக் கொல்லுகிறது. பெனிசிலின் ஊசியால் தீரக்கூடிய நோய் அது. ஆனால் அவள் மாத்திரம் ஊசி போட்டுக்கொண்டு நீங்கள் வெட்கப்பட்டு வீட்டில் இருந்தால் மறுபடியும் ஒட்டும். பிள்ளையில்லை என்றால் அவளை மலடி என்று கோயில் கோயிலாய்ச் சுற்ற வைக்கிறீர்கள். உங்களை ஒரு தரம் சோதித்துக்கொண்டீர்களா?

பிள்ளை போதும் என்றால் ஆப்பரேஷன் யாருக்கு? கணக்கைக் கேளுங்கள். கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கர்ப்பத்தடை ஆப்பரேஷன் செய்துகொண்டவர்கள். அதே கணக்கில் ஆண்களின் ஆப்பரேஷன் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, ஆயிரத்துக்கு மூன்று! ஆணுக்கு அது சிறு வேலை. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஆனாலும் பத்துமாதம் சுமந்தவளே கத்திக்கும் போகவேண்டும். வீரம் பேசுகிற மீசைகள் எங்கே போயின?

யாருடைய வயிறு?

கடைசியாக ஒன்று. கருவுறும் முன்பே உடம்பு தயாராக வேண்டும் என்றோம். தயாராக வேண்டுமானால், எப்பொழுது கருவுறுவது என்பது அவள் கையில் இருக்க வேண்டும். அவளைக் கேளாமல் கல்யாணம், அவளைக் கேளாமல் கர்ப்பம், முதல் பிள்ளை பால் மறக்குமுன் இரண்டாவது என்றால், மாத்திரையை எப்பொழுது தொடங்குவாள்? ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இரண்டு வருஷமாவது இடைவெளி வேண்டுமென்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். அந்த இரண்டு வருஷத்தைக் கொடுக்கவேண்டியது மாமியாரோ ஜோசியரோ அல்ல. 1930-களில் சுயமரியாதை மேடைகளில் கர்ப்பத்தடையைப்பற்றிப் பேசியபோது, ஒழுக்கம் கெட்டுவிடும் என்று கூச்சலிட்டார்கள். இன்று அந்தச் சாதனங்களைச் சர்க்காரே இலவசமாய்க் கொடுக்கிறது. ஆனால் கேட்டு வாங்கும் தைரியம் இன்னும் எத்தனை பெண்களுக்கு வந்திருக்கிறது?

வேலைசெய்யும் பெண்களிலும் வித்தியாசம் பாருங்கள். 1961-இல் பிரசவ விடுமுறைக்குச் சட்டம் வந்தது; 2017-இல் அது 26 வாரமாக்கப்பட்டது. ஆபீசுக்குப் போகிறவளுக்கு நல்லது, சந்தோஷம். நாற்று நடுகிறவளுக்கும் புகையிலைத் தூளில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவளுக்கும் சம்பளத்தோடு 26 வாரம் யார் கொடுக்கிறார்கள்? 1987-இல் தொடங்கி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் நடக்கிற உதவித்திட்டம் 2018 முதல் 18,000 ரூபாய் என்று ஆயிற்று. அது பிச்சை அல்ல, உரிமை. பன்னிரண்டு வாரத்துக்குள் பேரைப் பதிந்து கேட்டு வாங்குங்கள். அந்தப் பணம் புருஷன் கையில் சாராயமாகாமல் அவள் தட்டில் முட்டையாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தோழர்களே! நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. வீட்டுப் பெண்பிள்ளைக்கு ஆண்பிள்ளையோடு ஒரே பந்தியில் ஒரே அளவு சோறு போடுங்கள். இருபது ஆகுமுன் கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள். பிள்ளை வேண்டுமென்று நினைக்கும் மாதமே இருவரும் போய் இரத்தத்தைச் சோதித்து, அவளுக்கு மாத்திரையைத் தொடங்குங்கள். மாதாமாதம் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். முகம் வீங்கினாலும், தலை வலித்தாலும், கண் மங்கினாலும், இரத்தம் கண்டாலும், அன்றைக்கே 108-க்குப் போன் செய்யுங்கள். பூசாரிக்கு ஆள் அனுப்பாதீர்கள்.

நாம் சொன்னதெல்லாம் சரியென்று இங்கிருந்து எழுந்து போகவேண்டாம். நாளைக்கே உங்கள் ஊர் நர்சம்மாளைக் கேளுங்கள், புத்தகத்தைப் பாருங்கள், உங்கள் வீட்டுச் சட்டியில் கடைசியில் என்ன மிஞ்சுகிறது, அதை யார் தின்கிறார்கள் என்று இன்றிரவே பாருங்கள். பிறகு உங்கள் புத்திக்குப் பட்டதைச் செய்யுங்கள்.

நமது தாயார் இன்றும் இருக்கிறார். தெருவில் எந்தப் பெண் கருவுற்றாலும் தடியூன்றிக்கொண்டு போய், "பட்டை சுத்திப் பாத்தாங்களாடி?" என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறார். தலையெழுத்து என்ற சொல்லை நாம் அவரிடத்தில் மறுபடியும் கேட்கவில்லை. அந்தச் சொல் உங்கள் வீடுகளிலும் ஒழிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இம்மட்டில் முடித்துக்கொள்ளுகிறோம்.